வேலில் கட்டிய வேம்பு

நெடுநல்வாடையை வகுப்பில் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில்தான் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 188 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் தலைவன் பெயரும் இல்லை, தலைவி பெயரும் இல்லை. வாடை வீசும் இரவில் அரண்மனைக்குள் அரசி உறக்கமின்றிக் கிடக்கிறாள். பாசறையில் அரசன் புண்பட்ட வீரர்களைப் பார்த்து ஆறுதல் கூறியபடி நடக்கிறான். பிரிவும் ஆற்றாமையுமாக அகப்பாட்டுக்கு வேண்டிய எல்லாமே இருக்கின்றன. ஆயினும் நச்சினார்க்கினியர் இதனைப் புறம் என்றே கொள்கிறார். காரணம், அரசனுக்கு முன்னே செல்பவன் கையிலுள்ள வேலில் வேம்பு கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. பெயரைச் சொல்லாமலே ஆள் இன்னார் என்று தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்ட பிறகு அது எப்படி அகமாகும் என்பது அவர் கேள்வி. இதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. பல்லாண்டுகளாக நானும் இதை உரையாசிரியரின் நுணுக்கவாதம் என்ற அளவில்தான் சொல்லிக் கடந்து வந்தேன்.

அகத்திணை மாந்தருள் எவரையும் பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. காதலைப் பாடலாம், ஊடலைப் பாடலாம், பரத்தையிற் பிரிவையும் பாடலாம். ஆனால் அது யாருடையது என்று கேட்பவர்க்குத் தெரியக்கூடாது. நச்சினார்க்கினியர் அந்த விதியை ஒரு படி மேலே கொண்டு போகிறார். பெயரை நீக்கினால் மட்டும் போதாது, பெயரின் வேலையைச் செய்யும் அடையாளமும் இருக்கக்கூடாது என்கிறார். இது எத்தனை கூர்மையான கருத்து என்பது எனக்கு விளங்கியது நூலகத்தில் அன்று. என் கையால் நேர்ந்த ஒரு தவற்றின் மூலம்.

சில ஆண்டுகளுக்கு முன், இடையில் படிப்பை நிறுத்திவிடும் மாணவர்களுக்கு உதவும் நோக்கில் குடும்ப நிலையைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடத்தினோம். நல்ல நோக்கம்தான். விவரங்களைத் தொகுத்தவன் நான். பெயரையும் பதிவெண்ணையும் கவனமாக நீக்கிவிட்டு ஊர், துறை, தந்தையின் நிலை, வருமானம், வகுப்புக்கு வராமைக்குக் காரணம் என்ற பத்திகளோடு அட்டவணையை ஒரு கூட்டத்தில் திரையில் காட்டினேன். பிறகு அது யார் யாருடைய செல்பேசிக்கோ போய்ச் சேர்ந்தது. ஒரு சிற்றூரிலிருந்து எங்கள் துறைக்கு வந்து படித்தவள் ஒரே ஒரு மாணவி. (அந்த ஊரை இங்கேயும் நான் சொல்லப்போவதில்லை.) அவள் வீட்டுத் துயரம் ஒரே மாலைக்குள் வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து வந்து கேட்டாள்: "பேரைத்தான் எடுத்துட்டீங்களே ஐயா, அப்புறம் எப்படி எல்லாருக்கும் தெரிஞ்சுது?" குரலில் கோபமே இல்லை, உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை. விடை நான் ஆண்டுதோறும் நடத்தும் பாடத்திலேயே இருந்தது. வேலை மறைத்தேன், வேம்பை மறைக்கவில்லை.

அதன் பிறகு இது குறித்துத் தேடிப் படித்தபோது, உலகின் பெரிய நிறுவனங்களும் இதே பிழையைச் செய்திருப்பதை அறிந்தேன். 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், ஆய்வாளர்களுக்குப் பயன்படட்டும் என்று சுமார் ஆறரை இலட்சம் பேர் மூன்று மாதங்களில் இணையத்தில் தேடிய ஏறத்தாழ இரண்டு கோடித் தேடல்களை வெளியிட்டது. பெயர்களுக்குப் பதிலாக எண்கள் இடப்பட்டிருந்தன. நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் ஒரே ஓர் எண்ணுக்குரிய தேடல்களைப் படித்துப் பார்த்து, ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பெண்மணியின் வீட்டுக் கதவைச் சில நாட்களில் தட்டிவிட்டார்கள். நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றது. ஆனால் படிகள் அதற்குள் பரவிவிட்டன. லத்தான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர், அஞ்சல் குறியீட்டு எண், பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்று விவரங்களே அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்தனியே அடையாளம் காட்டப் போதுமானவை என்று 1990ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு கணித்தார். தனியே பார்த்தால் மூன்றும் பாமர விவரங்கள். சேர்ந்துவிட்டால் அவையே வேம்பு.

இத்தகைய பேச்சு எழும்போதெல்லாம், "தவறு செய்யாதவன் எதை மறைக்க வேண்டும்?" என்று ஒரு கேள்வி வரும். தமிழ் படித்தவர்கள் இக்கேள்விக்கு மயங்கக்கூடாது. அகம் என்பது குற்றத்தை மறைக்கும் இடமன்று. அகப்பாடல்கள் யாவும் கூற்றுகள். தலைவி தோழிக்குச் சொன்னது, தோழி தலைவனுக்குச் சொன்னது என்று ஒவ்வொன்றுக்கும் சொல்பவரும் கேட்பவரும் உண்டு. தோழியிடம் சொன்னது ஊருக்குப் போனால் அதற்குப் பெயர் அலர். செய்தி ஒன்றுதான், கேட்பவர் மாறுகிறார். அதிலேயே ஒருத்தியின் வாழ்வு குலைந்துவிடுகிறது. மருந்துக்கடையில் சொன்ன நோய் காப்பீட்டு நிறுவனத்துக்கும், உதவித்தொகைக்காகச் சொன்ன சாதி வகுப்பறைக்கும், வங்கிக்குக் கொடுத்த எண் கடன் விற்பவருக்கும் போவது அலரேயன்றி வேறென்ன?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆதார் குறித்து எழுந்த வழக்கிலிருந்து பிறந்த தீர்ப்பு அது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒருவரை அடையாளம் காண உதவும் எந்த விவரமும் அவருடைய தனிநபர் தரவே என்று அச்சட்டம் வரையறுக்கிறது. பெயர் இருந்தாக வேண்டும் என்பதில்லை. நச்சினார்க்கினியர் கேட்டால் மகிழ்ந்திருப்பார். ஆனால் அரசு தன் அமைப்புகளுக்கு அறிவிக்கையின் மூலம் விலக்கு அளித்துக்கொள்ளவும் அதே சட்டம் இடம் தருகிறது. மிகுதியாகத் தொகுப்பவருக்கே விலக்கும் கிடைக்குமென்றால் அந்த வேலி யாருக்கு என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

விவரமே கேட்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வருமானச் சான்றும் சாதிச் சான்றும் இல்லாமல் உதவித்தொகை இல்லை. உதவித்தொகை இல்லாமல் என் மாணவர்களில் பலர் இல்லை. ஆனால் ஒருமுறை தொகுத்துவிட்டதை எவ்வளவு மறைத்தாலும் முற்றாக மறைக்க இயலாது என்பதே மேற்சொன்ன நிகழ்ச்சிகள் காட்டும் உண்மை. எனவே காப்பதைப் பற்றிப் பேசும் முன், கேட்பதைக் குறைப்பது பற்றிப் பேச வேண்டும். எதற்காக என்று சொல்ல முடியாத விவரத்தைக் கேட்கக்கூடாது. வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். நக்கீரர் வேம்பை வேலில் கட்டியது அவர் தேர்வு. அந்த மாணவிக்கு அத்தகைய தேர்வு எதையும் நான் விட்டுவைக்கவில்லை.

இந்த ஆண்டும் படிவம் வந்தது, பதினெட்டுப் பத்திகள். ஏழு பத்திகளை அடித்துவிட்டு, இவை எதற்கு என்று எழுதிக் கேட்டு மேலே அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை அவற்றை நிரப்புவதாக இல்லை.