முட்செடிக்கு ஓர் இடம்

தேனீக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுவது இப்போது மிக இலகுவான காரியமாகிவிட்டது. மே 20 ஆம் திகதியை உலகத் தேனீ நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2017 இல் அறிவித்த பின்னர், ஆண்டுதோறும் அந்நாளில் அறிக்கைகளுக்குக் குறைவில்லை. ஆனால், அறிக்கையில் தேன் இல்லை. தேனீ தேடுவது பூவை.

இலண்டனில் நல்லெண்ணம் கொண்ட பலர் மொட்டைமாடிகளிலும் தோட்டங்களிலும் தேன்பெட்டி வைக்கத் தொடங்கினர். இதனால் நன்மையைவிடத் தீமையே நேரக்கூடும் என 2020 இல் கியூ தாவரவியற் பூங்கா வெளியிட்ட அறிக்கை எச்சரித்தது. பிரித்தானியாவில் ஏறத்தாழ 270 வகைத் தேனீக்கள் உள்ளன. பெட்டியில் வளர்வது அவற்றுள் ஒன்றே ஒன்று. பூக்கள் பெருகாமல் பெட்டிகள் மட்டும் பெருகினால், ஏனைய வகைகளின் உணவும் பறிபோகும். வீட்டிலே கோழி வளர்ப்பதால் காட்டுப் பறவைகள் பெருகிவிடுவதில்லை அல்லவா?

ஆகவே, ஐரோப்பாவில் வாழும் வாசகர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெட்டியை விடுங்கள், ஒரு முட்செடியை நடுங்கள். ‘குளோப் திசில்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் செடி அது. அதன் தாவரவியற் பெயரான ‘எக்கினொப்ஸ்’ என்பதற்கு முள்ளெலி போன்ற தோற்றமுடையது என்று பொருள். தெற்கு, கிழக்கு ஐரோப்பாவும் அவற்றை அடுத்த ஆசியப் பகுதிகளும் அதன் தாயகம். ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரம் வளரும். வெயில் வேண்டும், வளமற்ற, வரண்ட மண்ணே போதும். நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ஒரு பூவென நாம் காணும் நீல உருண்டை, உண்மையில் பல சிறுபூக்களின் தொகுதி. அவை உச்சியிலிருந்து கீழ்நோக்கி மலர்வதால், ஒரே உருண்டை பல நாட்களுக்கு உணவளிக்கும். யூலை முதல் செப்டெம்பர் வரை, ஏனைய பூக்கள் பல ஓய்ந்துபோகும் வேளையிலும், பருத்த ‘பம்பிள்பீ’க்கள் அதில் மொய்த்திருக்கும். பூத்து முடிந்த தண்டுகளை வெட்டாமல் விட்டால், குளிர்காலத்தில் விதைகளைக் குருவிகள் உண்ணும்.

இங்கேதான் ஒரு வேதனையான உண்மையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. தேனீக்களுக்கு உகந்தவை எனக் கடைகளில் விற்கப்பட்ட செடிகளை சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்து 2017 இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் பெரும்பாலானவற்றில் பூச்சிகொல்லி எச்சங்கள் இருந்தன! விருந்துக்கு அழைத்து நஞ்சு வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தேனீயின் படத்தைச் சட்டியில் ஒட்டி விற்பவர், அந்தச் செடி எவ்வாறு வளர்க்கப்பட்டது என்பதையும் எழுதி ஒட்டவேண்டும் எனச் சட்டம் வருவதே நியாயம். அதுவரை, விதையிலிருந்து வளர்ப்பதே பாதுகாப்பானது. மருந்து தெளிக்காத அயலவரிடம் ஒரு வேர்த்துண்டு கேட்டு வாங்கினாலும் இந்தச் செடி முளைத்துவிடும்.

எமது மண்ணில் வாழ்பவர்கள் இந்த முட்செடியைத் தேடி அலையவேண்டியதில்லை. அது குளிர்நாட்டுக்கு உரியது. இங்கே தேனீக்கு விருந்து வைக்க முருங்கையும் தென்னையும் வேம்பும் இருக்கின்றன. வேலியோரத்தில் துளசியும் தும்பையும் தாமாகவே முளைக்கின்றன. நாமோ, வளவு துப்புரவாக இருக்கவேண்டும் என்பதற்காக அந்த வேலியோரத்துக்கே களைகொல்லி அடிக்கிறோம். சிவனுக்கு உகந்தது என்று தும்பைப் பூவைப் போற்றுகிறவர்களும் அந்தச் செடியைக் களை என்று அழிப்பது என்ன நியாயம்?

இலண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் நோய் ஒன்றுதான். புல் ஒட்ட வெட்டப்பட்ட தோட்டத்தையும் ஒரு செடியுமில்லாத முற்றத்தையுமே நாம் அழகு என்று பழகிவிட்டோம். அந்த அழகில் தேனீக்கு ஒரு வாய் உணவில்லை. வளவில் ஒரு மூலையையாவது மருந்தடிக்காமல் பூக்கவிடுங்கள். செலவில்லாத தொண்டு அது.