பெயரிடப்படாத பிராணிகளின் மேல் ஊரும் யந்திரம்

கோவை காந்திபுரத்து வீடுகளில் ஈரம் ஊறிய பூந்தொட்டியை நகர்த்தினால், தொட்டவுடன் உருண்டுகொள்ளும் சாம்பல்நிறச் சிறு பூச்சியொன்று அதன் அடியில் கிடக்கும். நண்டுக்கும் இறாலுக்கும் உறவான அப்பூச்சியின் வர்க்கத்திலேயே பிறந்து, ஓரடிக்குமேல் வளரக்கூடிய ‘பாதினோமஸ்’ என்னும் பிராணி, சூரிய வெளிச்சம் எட்டாத ஆழத்தில், நம் வங்கக்கடலின் சேற்றிலும் ஊர்ந்து திரிகின்றது.

ஏழு இணைக் கால்களும் பெரிய கூட்டுக்கண்களும் உடைய இப்பிராணி, மேலிருந்து எப்போதோ வந்து விழும் மீனின் பிணத்தையும் திமிங்கிலத்தின் பிணத்தையும் பெரும்பாலும் நம்பி ஜீவிப்பதால், நெடுங்காலம் பட்டினி கிடக்கும் வல்லமை பெற்றது. ஜப்பானில் தோபா நகரத்து மீன்காட்சியகத்தில் இருந்த ஒன்று, ஐந்தாண்டுகளுக்கு மேலாக இரையுண்ணாமல் இருந்து 2014-இல்தான் மடிந்தது. இதன் பெண், ஒரு சென்டிமீட்டரையும் விஞ்சிய முட்டைகளை மார்பின் கீழுள்ள பையிலேயே சுமக்க, கடைசி இணைக் கால்கள் மட்டும் குறைய, மற்றபடி தாயின் உருவத்தோடே குஞ்சுகள் வெளிவருகின்றன. இறாலின் இளம்பருவம்போல நீரோட்டத்தில் மிதந்து தூரதேசம் சேரும் பருவம் இவற்றுக்கு இல்லாமையால், கடலுக்குக் கடல் இனங்கள் பிரிந்து நிற்பது இயல்பே.

ஆயினும் அந்தப் பிரிவை நாம் உணர வெகுகாலம் ஆயிற்று. மெக்ஸிகோ வளைகுடாவில் அகப்பட்ட இனத்துக்குப் பிரெஞ்சு அறிஞர் மில்ன்-எட்வர்ட்ஸ் 1879-இல் ‘ஜைகான்டியஸ்’ என்று பெயரிட்டார். ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்னும் அளவைக் கப்பலின் காலத்தில் நம் கடல்களில் கிடைத்தவற்றுக்கும் அதே பெயர் வழங்கிற்று. கல்கத்தா இந்திய மியூசியத்தின் வெளியீட்டில் 1908-இல் இப்பிராணியின் உள்ளுறுப்புக்களை நுணுகி விவரித்த லாயிட் என்பாரும் அப்பெயராலேயே குறித்தார். 2006-இல் லௌரி, டெம்ப்ஸி என்னும் இருவர் மாதிரிகளை ஒப்பிட்டு ஆராய்ந்த பின்னரே, இந்தியக் கடலுக்குரியது ‘கீப்ளி’ என்னும் வேறு இனமென்று தெளிவாயிற்று. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இத்தனை பெரிய ஜந்துவே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிறிதொன்றின் பெயரால் வழங்கியதெனில், கடுகளவே உள்ள ஆழ்கடற் பிராணிகளின் கதி என்ன?

இக்கேள்வி இன்று அவசரமானது. மத்திய இந்து சமுத்திரத்தின் அடித்தரையில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் செறிந்த உருண்டைகளை ஆராயும் உரிமை நம் தேசத்துக்கு இருக்கின்றது. 2021-இல் அரசாங்கம் ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி ரூபாய் அனுமதித்தது. அதே ஆண்டில், சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ‘வராகா’ யந்திரம் 5,270 மீட்டர் ஆழத்தில் ஊர்ந்து காட்டியது. பம்புத் தொழிலால் பேர்பெற்ற நம் ஜில்லாவினருக்கு மேற்கொண்டு விளக்க வேண்டுவதில்லை: உருண்டைகளை வாரி, குழாய்வழி மேலே இறைக்கும்போது, கிளம்பும் சேறு சுற்றிலும் பரவிப் படியும். அங்கே பாதினோமஸ் இராது, அது அவ்வளவு ஆழத்துக்குரியதன்று; அங்கே இருப்பவை அதனினும் சிறியவை, அதனினும் அறியப்படாதவை. பல லட்சம் ஆண்டுகளில் விளைந்த அவ்வுருண்டைகளின்மேலேயே ஒட்டி வாழும் உயிர்களுக்கு, அவற்றை அள்ளியபின் புகலிடம் ஏது?

உலோகம் வேண்டாமென்று நான் வாதிக்கவில்லை. யந்திரம் செய்த நம் பொறியாளர்களின் திறமையை மனமாரப் போற்றுகிறேன். ஆனால் பிராணிகளை இனம் பிரித்தறியும் கல்வி நம் கல்லூரிகளில் தேய்ந்து வருவது கண்கூடு. அக்கல்வி கற்றவர்க்கு உத்தியோகமும் அரிது. ஆகவே அனுமதித்த தொகையில் கணிசமான ஒரு பங்கை இளம் விலங்கியலாருக்கும் மாதிரிகளைப் பேணும் மியூசியங்களுக்கும் ஒதுக்கி, அவர்கள் தயாரிக்கும் உயிரினக் கணக்கு அச்சேறிப் பொதுமக்கள் பார்வைக்கு வரும்வரை, வியாபார நோக்கில் ஓர் உருண்டையும் மேலே ஏற்றலாகாதென்று அரசாங்கம் சட்டமாகவே விதிக்க வேண்டும்.