கம்பியூட்டர்தானே பிரிச்சது!

எங்கட சபையில் வீட்டுக்கூட்டக் குழுக்களைப் பிரிக்கிற வேலையை இந்தமுறை என்னட்டத் தந்தார்கள். கலைப்பீடம் எண்டாலும் எக்செல் தெரியும்தானே. முந்தி மூன்று கிழமை இழுபடும் வேலை. நான் ஒரு கூகுள் ஃபோம் செய்து வட்ஸ்அப்பில் போட்டேன். நாலே கேள்வி: பெயர், வயது, வசதியான நாள், எந்தக் குறிச்சி. பிறகு குறிச்சிவாரியாக அடுக்கிப் பத்துப் பத்துப்பேராக வெட்டினேன். ஒரே பின்னேரம்! ஆராதனை முடிய எனக்குக் கைதட்டலும் கிடைத்தது.

வீட்டில் பட்டியலை வாசித்துக் காட்டினேன். அம்மம்மாவுக்குச் சரியான சந்தோசம். "நல்லாப் பிரிச்சிருக்கிறாய் பிள்ளை. அங்காலப் பக்கத்து ஆக்கள் ஒருத்தரும் எங்கட குழுவில இல்லை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஃபோமில் சாதி எண்டொரு கட்டம் இல்லை. யாழ்ப்பாணத்தில் அது தேவையும் இல்லை. குறிச்சியைக் கேட்டால் காணும், மிச்சத்தை எக்செல் பார்த்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே வாங்கில் இருந்து பாடுவது பெரிய விசயமில்லை. ஒன்றரை மணித்தியாலத்தில் எழும்பி அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். வீட்டுக்கூட்டம் அப்படியல்ல. ஆர் வீட்டுக் கதிரையில் ஆர் இருப்பது, ஆர் வீட்டுத் தேத்தண்ணியை ஆர் குடிப்பது எண்டு அங்கேதான் தெரியவரும். அந்தச் சோதனையே வராதபடி நான் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

முந்தியும் இப்படித்தானே பிரித்தார்கள் என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் மேசையைச் சுற்றி நாலுபேர் இருந்து, "இவரை அந்த வீட்டுக்கு விடேலாது" எண்டதை யாராவது வாயால் சொல்லவேண்டி இருந்தது. சொன்னால் யாராவது மறிக்கலாம். மறிக்காவிட்டாலும் கொஞ்சம் கூசும். அந்த மூன்று கிழமைக்குள் இருந்த கூச்சத்தைத்தான் நான் மிச்சம் பிடித்துக் கொடுத்தேன். இப்ப ஆரும் குற்றவாளி இல்லை. கம்பியூட்டர்தானே பிரிச்சது! (ஃபோன் இல்லாத ஆச்சிமார் பட்டியலிலேயே இல்லை. அது வேற கதை.)

நேரத்தை மிச்சம் பிடிப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. மெதடிஸ்த சபையின் சிறுகுழு முறையே அப்படி வளர்ந்ததுதான். 1742இல் பிரிஸ்டலில் ஜோன் வெஸ்லியின் சபையார் கட்டடக் கடனை அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பாகக் கிழமைக்கு ஒரு பென்னி சேர்த்தார்கள். வீடு வீடாகப் போக நேரம் காணாமல்தான் பிறகு ஒவ்வொரு குழுவையும் ஓரிடத்தில் கூட்டினார்கள். ஆனால் அந்தத் திட்டத்தைச் சொன்னவர் தனக்கு யாரைக் கேட்டார் தெரியுமா? மிக வறியவர்களில் பதினொரு பேரை. அவர்களால் கட்டமுடியாவிட்டால் தானே கட்டுவதாகவும் சொன்னார். எங்கட ஃபோமில் அப்படிக் கேட்க ஒரு கட்டம் இருக்கிறதா?

காசு கட்டி வாங்குகிற சபை மென்பொருள்களும் நாள், வயது, இடம் என்றுதான் வடிகட்டித் தரும். "உங்களைப் போன்றவர்கள் இங்கே" எண்டதுதான் அதன் சாரம். கடையில் சப்பாத்துத் தெரிவதற்கு அது சரி.

அதே எக்செல்லில் பெயர்களைக் குலுக்கிப்போடவும் ஒரு நிமிசம்தான். நாளை மட்டும் பார்த்துக்கொண்டு மிச்சத்தைக் குலுக்கலாம். சைக்கிளில் பத்து நிமிசத்துக்கு மேல் ஒருவருக்கும் தூரமில்லை. போன கிழமை குழுக்கூட்டத்தில் இதைச் சொன்னேன். கொஞ்சநேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு ஒரு அண்ணை தொண்டையைச் செருமினார்.

"நல்ல யோசனைதான் தம்பி. ஆனா இதுக்கு ஆறுதலா நேரமெடுத்து யோசிக்கவேணும்."