துரை சுட்டா ஷிகார், நம்மாளு பிடிச்சா கேஸா?

வெள்ளைக்காரத் துரை சுட்டா ஷிகார். ஜமீன்தார் சுட்டா வீரம். நரிக்குறவர் ஒரு கவுதாரிக்குக் கண்ணி வச்சா மட்டும் குற்றம். இந்தக் கணக்கு எனக்குப் புரியவே மாட்டேங்குது மக்களே.

பழைய வேட்டைக் கதைகளைப் படிச்சுட்டு உருகுற நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுறேன். தொப்பி, பூட்ஸ், ரைஃபிள், காலடியில் செத்த புலி. அந்த போட்டோவைப் பார்த்து "என்ன கம்பீரம்!" என்கிறீர்கள். புலி எங்கே தண்ணி குடிக்கும், எந்தத் தடத்தில் வரும் என்று துரைக்குக் காட்டிக் கொடுத்தவன் அந்த போட்டோவின் ஓரத்தில்கூட இருக்க மாட்டான்.

"சட்டம் எல்லாருக்கும் பொதுதானே?" என்று கேட்பீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972ல். அதற்குப் பிறகும் லைசென்ஸ் வாங்கி வேட்டையாட அதில் வழி இருந்தது. 1991 திருத்தம்தான் அதை மூடியது. ரொம்ப சரி. பொழுதுபோக்கு வேட்டை திரும்ப வரவே கூடாது. ஏர்கன்னைத் தூக்கிக்கிட்டு ஏரிக்கரையில் கொக்கு அடிக்கிற பசங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன். ஆனால் பொழுதுபோக்குக்காரன் இழந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையை. வேட்டையே பிழைப்பா இருந்தவன் இழந்தது சோற்றை. ரெண்டும் ஒண்ணா?

எங்க கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்திலேயே திருத்தணி. அங்கே இருக்கிற முருகன் வேடன் வேஷம் போட்டுத்தான் வள்ளியைத் தேடிப் போனார். ஆந்திர எல்லையைத் தாண்டினால் காளஹஸ்தி, வேட்டைக் கறியைச் சாமிக்குப் படைத்த கண்ணப்பர் ஊர். புராணத்தில் வேடன்னா கன்னத்தில் போட்டுக்கிறோம். பஸ்ஸில் ஊசிமணி விக்கிற அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் மூஞ்சியைத் திருப்பிக்கிறோம். நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவே 2023 வரை ஆச்சு.

எனக்கும் கையால் சாமான் செய்து பார்க்கிற பைத்தியம் உண்டு. பழைய தார்ப்பாயில் கூடாரம், கித்தானில் முதுகுப்பை எல்லாம் நானே தைத்ததுதான். அந்தப் பைத்தியத்தோட சொல்றேன், இருளரின் புகைப்பானைக்கு முன்னால் என் தையல் எல்லாம் தூசு. ஒரு மண்பானை, அடியில் ஒரு ஓட்டை. உள்ளே வைக்கோலைப் போட்டுக் கொளுத்தி, பானை வாயை எலிவளையில் வைத்து அடைத்து, அடி ஓட்டை வழியாக ஊதணும். புகை முழுக்க வளைக்குள் போயிடும். பிறகு கடப்பாரையால் தோண்டினால் எலியும் கிடைக்கும், எலி பதுக்கிய நெல்லும் கிடைக்கும். அந்தப் புகையால் ஆந்தை சாகாது. கடையில் விக்கிற எலி விஷம் இருக்கே, அதைத் தின்ற எலியைத் தின்னும் ஆந்தையும் சேர்ந்து சாகும்.

இது வெறும் பழம்பெருமை இல்லை. ஃப்ளோரிடா சதுப்புநிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகித் தொல்லை தாங்கலை. 2013ல் போட்டி வைத்தார்கள். சுமார் 1,600 பேர் வந்து, ஒரு மாசத்தில் பிடித்தது 68. பிறகு 2017ல் நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் கூப்பிட்டார்கள். கையில் ஒரு இரும்புக்கம்பிதான். ரெண்டு வாரத்துக்குள் 13 பாம்பு! இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ. சந்தோஷம். ஆனால் ஃப்ளோரிடாக்காரன் கூப்பிட்ட பிறகுதானா நமக்குக் கண்ணு தெரியணும்?

மாற்று வழி கையிலேயே இருக்கு. 1976ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்து இருளர் பிழைப்பு போனது. 1978ல் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடித்து, விஷம் எடுத்து, உயிரோடு காட்டிலேயே விட்டுடுவாங்க. அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து. இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியா 58 ஆயிரம் பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள் என்று 2020ல் வந்த ஆய்வு சொல்லுது. கொல்லத் தெரிந்த கை உயிர் காக்கிற கையா மாறின கதை இது.

நான் வேட்டைக்கு அனுமதி கேட்கலை. "அவங்களாலதான் கவுதாரி அழியுது" என்பவர்கள், புதர்க்காட்டை வெட்டி பிளாட் போட்டுக் கல் நட்டது யாருன்னு முதல்ல பார்க்கட்டும். நான் கேட்பது கூலி. வயலில் எலி பிடிக்கவும், வீட்டுக்குள் வந்த பாம்பைப் பிடிக்கவும், பறவைக் கணக்கெடுக்கவும் இவர்களை நிபுணர்களாகக் கூப்பிட்டு, நிபுணருக்குத் தர்ற காசைக் கொடுங்க. பூச்சி மருந்து அடிக்கிற கம்பெனிக்குப் பேரம் பேசாம எடுத்துக் கொடுக்கிறோம், இருளரிடம் மட்டும் ஐம்பது ரூபாய்க்கு மல்லுக்கட்டுறோம்.

அதைச் செய்யாம "ஆஹா, பாரம்பரிய அறிவு" என்று ஜல்லி அடிக்கிறவர்களுக்கும் அந்த போட்டோவில் நிற்கிற துரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரெண்டு பேருக்கும் தடம் காட்ட ஆள் வேணும், பேர் சொல்லத்தான் மனசு வராது.