சிரிப்புக்குப் பின்னால் ஒரு வீடு



அண்டை வீட்டுச் சண்டை, வேலிக்கு இப்பால் நின்று கேட்பவர்க்கு வேடிக்கை, அவ்வீட்டாருக்கோ வேதனை. வேடிக்கைக்கும் வேதனைக்கும் இடையே எத்துணைத் தொலைவு இருக்கிறது? அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவைக் குறுநாடகம் ஒன்று இக்கேள்விக்கு விடை தந்திருக்கிறது.

1967 முதல் 1978 வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'கரோல் பர்னெட் ஷோ' ஒளிபரப்பாயிற்று. ஆடலும் பாடலும் குறுநாடகங்களும் நிறைந்த அந்நிகழ்ச்சியில், 1974ஆம் ஆண்டு 'குடும்பம்' என்ற பெயரில் ஒரு காட்சி இடம்பெற்றது. எழுதியவர்கள் டிக் கிளேர், ஜென்னா மெக்மஹன் என்ற இருவர். மக்களுக்குப் பிடித்துப்போகவே, அதே பாத்திரங்கள் மீண்டும் மீண்டும் தோன்றினர். 1983இல் அத்தாயை நடுநாயகமாக்கித் தனித்தொடரே தொடங்கப்பட்டது.

யார் அக்குடும்பத்தார்? எவரையும் பாராட்டி அறியாத தாய். பாடகியாகிப் புகழ்பெறும் கனவு கைகூடாமல் குமுறும் மகள் யூனிஸ். இரும்புச் சாமான் கடை நடத்தும் அவள் கணவன் எட். தாய் வேடம் கரோல் பர்னெட்டுக்கென்றே எண்ணப்பட்டிருந்தது. அவரோ மகள் வேடத்தை விரும்பி ஏற்றார். தாயாக நடித்த விக்கி லாரன்ஸ், அவரைவிட 16 ஆண்டுகள் இளையவர்!

ஒரு காட்சியில், மாலைப்பொழுதை மகிழ்ச்சியாகக் கழிக்கலாமென்று மூவரும் 'சாரி' என்னும் பலகை விளையாட்டை ஆட அமர்கின்றனர். நம் தாயத்தில் காயை வெட்டுவதுபோல, அடுத்தவர் காயைத் தொடங்கிய இடத்துக்கே திருப்பியனுப்பும் ஆட்டம் அது. சற்று நேரத்தில் ஆட்டம் போய் வாக்குவாதம் வந்துவிடுகிறது. 'மன்னிக்கவும்' என்பது விளையாட்டின் பெயர். மனதார அச்சொல்லைச் சொல்லத்தான் அங்கு ஆளில்லை!

அவையோர் வயிறு குலுங்கச் சிரித்தனர். ஆனால் ஒருமுறை ஒத்திகையின்போது, தென்மாநிலத்தாரின் இழுவைப் பேச்சையும் மிகைநடிப்பையும் விலக்கிவிட்டு, அதே வசனங்களை இயல்பாகப் பேசிப் பார்த்தார்களாம். ஒரு சொல்லும் மாறவில்லை. எனினும் நகைச்சுவை மறைந்து, நெஞ்சைப் பிழியும் துயர நாடகமாகிவிட்டது என்று கரோலே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

அவருக்கு அது வியப்பாக இருந்திருக்காது. 1933இல் டெக்ஸாஸ் மாநிலத்தில் பிறந்த அவருடைய தாய், தந்தை இருவருமே மதுவுக்கு அடிமையானவர்கள். ஹாலிவுட்டில் ஓர் ஒற்றையறை வீட்டில் அவரை வளர்த்தவர் பாட்டியார். எழுத்தாளராக விரும்பி, அது நிறைவேறாமல் மனமுடைந்தவர் அவருடைய தாய். அத்தாயின் சாயலை யூனிஸிடம் கண்டதாகக் கரோல் சொல்லியிருக்கிறார். நிகழ்ச்சியின் முடிவில் அவர் காதுமடலை இழுத்துவிடும் வழக்கம்கூட, 'நான் நலமாயிருக்கிறேன்' என்று பாட்டியாருக்கு அனுப்பிய சைகையே.

அவ்வீட்டில் பெருங்குற்றம் எதுவும் நிகழ்வதில்லை என்பதைக் கவனியுங்கள். அடியில்லை, உதையில்லை. ஒரு குத்தல், ஓர் ஒப்பீடு, என்றோ முடிந்துபோன பழைய கதை ஒன்று, அவ்வளவே. கிள்ளுவது போன்ற சிறு சொற்களே ஒரு பெண்ணை வாழ்நாளெல்லாம் தாயின் பாராட்டுக்கு ஏங்கும் குழந்தையாகவே நிறுத்திவைக்கின்றன. நம் சிரிப்பிலும் ஏளனம் குறைவு. 'இக்குரலை எங்கோ கேட்டிருக்கிறோமே' என்ற அடையாளமே மிகுதி.

சகோதர சகோதரிகளே! வீடென்றால் கேலியும் கிண்டலும் இருக்கத்தான் செய்யும், இருக்கவும் வேண்டும். உம்மாவோ வாப்பாவோ சொன்ன வேடிக்கைக்கு வீடே சிரிக்கும் வேளையில், கேலிக்கு ஆளான பிள்ளையின் முகத்தை ஒருமுறை பாருங்கள். அப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தால் அது நகைச்சுவை. சிரிக்காவிட்டால், அமெரிக்க நடிகர்கள் ஒத்திகையில் கண்ட துயர நாடகம் உங்கள் கூடத்திலேயே தொடங்கிவிட்டது என்று பொருள்.