வீட்டில் செய்தால் சமையல், விற்றால் ஏற்றுமதியா?

நமக்குப் பன்னீர் தெரியும். சைப்ரஸ் தீவின் 'ஹலூமி' தெரியுமா? அதுவும் சீஸ்தான். ஆனால் தோசைக்கல்லில் போட்டு வறுத்தாலும் உருகி ஓடாது, பொன்னிறமாய் முறுகும். வெயில் காலத்தில் தர்பூசணித் துண்டோடு சாப்பிடுவார்களாம். அங்கே வேலை பார்க்கும் என் தம்பி சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

செம்மறி ஆட்டுப் பால், வெள்ளாட்டுப் பாலை வெதுவெதுப்பாகச் சூடாக்கி உறைய வைத்து, கட்டியை அழுத்தித் தண்ணீரைப் பிரிக்கிறார்கள். அந்தத் தண்ணீரைக் காய்ச்சி 'அனாரி' என்ற இன்னொரு சீஸ் எடுக்கிறார்கள். மிச்சத் தண்ணீரிலேயே ஹலூமித் துண்டுகளை வேக வைத்து, உப்பும் புதினாவும் சேர்த்து இரண்டாக மடிக்கிறார்கள். எதுவும் வீணாவதில்லை. இது பெண்களின் கைப்பக்குவம் அல்லாமல் வேறென்ன?

அந்தக் காலத்தில் கிராமத்துப் பெண்கள், நாம் சீட்டுப் போடுகிற மாதிரி, ஆளுக்குக் கொஞ்சம் பாலை ஒருத்தி வீட்டில் சேர்த்து, முறை வைத்துச் செய்வார்களாம். இரண்டு ஆடு வைத்திருப்பவளுக்கும் தன் முறை வரும்போது பானை நிறையப் பால் கிடைக்கும்.

2021-ல் ஐரோப்பிய யூனியன் இந்தப் பேருக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. சைப்ரஸில் செய்ததைத்தான் அங்கே ஹலூமி என்று விற்கலாம். 1974 முதல் பிரிந்து கிடக்கும் தீவு அது. ஆனாலும் கிரேக்க மொழிக்காரர் சொல்லும் 'ஹலூமி', துருக்கி மொழிக்காரர் சொல்லும் 'ஹெலிம்' இரண்டு பேரையும் சேர்த்தே பதிந்திருக்கிறார்கள். சந்தோஷமான விஷயம்தான்.

ஆனால் ஏற்றுமதி பெருகியதும் ஃபாக்டரிகள் மாட்டுப் பாலை அதிகம் சேர்த்தன. ஆட்டுப் பால்தான் கூடுதலாக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 'ஆட்டுப் பால் போதவில்லை, அவகாசம் வேண்டும்' என்று அதற்கும் இழுபறி.

பேரைக் காப்பாற்றினால் மட்டும் போதுமா? ஆடு வளர்க்கிறவளுக்குப் பாலுக்கு நல்ல விலையும், வீட்டில் செய்கிறவளுக்குச் சந்தையில் இடமும் வேண்டாமா? காலம் காலமாக அடுப்படியில் செய்தபோது அது வெறும் சமையல். ஃபாக்டரிக்குப் போனதும் நாட்டின் பெருமை! பெருமையில் பாதியாவது அந்தப் பெண்களுக்குச் சேர வேண்டும் என்பதே என் கருத்து.

சகோதரிகளே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

- ஒரு வாசகி, திண்டுக்கல்.