பெயரளவில் கிறிஸ்தவளா?

கழுத்தில் செபமாலை, ஞாயிறுதோறும் திருப்பலி, பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர் – கிறிஸ்தவளாயிருக்க இவை போதுமா, தோழியரே?

திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயமானார். பெயரோடு நிற்கவில்லை, சாதி பாராது எல்லாரோடும் பழகினார். உயர்குலத்தார் சினந்தனர். சிறையும் வதையும் அனுபவித்து, 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டு மாண்டார். 2022-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அவருக்கு விழா எடுக்கும் நாம், மதிய உணவுக்கு 'இன்னார் வீட்டுச் சோறு' என்று பார்த்தல்லவா உட்காருகிறோம்? சென்ற மாதம் ஒருத்தி அன்போடு நீட்டிய குழம்பை நானும் வேண்டாமென்றேன். அவள் முகம் வாடியதை மறக்க முடியவில்லை.

பீடத்தில் ஒரே அப்பத்தை உண்பவர்கள் மரத்தடியில் பிரிந்து உண்ணலாமா? நாளை அவளருகில் உட்காரப் போகிறேன். நீங்களும் வாருங்கள்.

– பத்தாம் வகுப்பு மாணவி